இடது சீட்டு கத்தியது

எங்கள் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒருவர் கேட்டார்: "ஸ்கேனர் போட்டும் பிடிபடாத ஃபால்ட்டை யாராவது பார்த்திருக்கிறீர்களா?" ஆளாளுக்கு ஒன்று எழுதினார்கள். எலி கடித்த வயர், மழைத் தண்ணீர் குடித்த கன்ட்ரோல் பெட்டி என்று வந்துகொண்டே இருந்தது. பிறகு யாரோ, "கௌதமன் சார் சொல்லட்டும். தனம்மா வண்டியைப் பார்த்தவர் அவர்தான்" என்று கொளுத்திப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து தினமும் விசாரிப்பு. இவ்வளவையும் கட்டை விரலால் கைபேசியில் தட்ட எனக்குப் பொறுமை கிடையாது. ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவன்தானே, உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாரும் எலுமிச்சம்பழத்தோடு என் வீட்டு வாசலுக்கு வர வேண்டாம்.

நான் வியாசர்பாடி எம்.கே.பி. நகர்க்காரன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு தங்கசாலைப் பக்கம் டைனமோ சுற்றும் கடையில் சேர்ந்தேன். அங்கிருந்து லாரி ஷெட், அங்கிருந்து டாக்சி ஸ்டாண்டு. இத்தனை இடத்திலும் நான் கற்றது ஒரே பாடம். வண்டியில் கரண்ட் போவதற்கு வயர் இருக்கிறது. திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்பே வழி. அந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். அது சரியாக இருந்தால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். இல்லாவிட்டால் பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஓடும். எங்கள் வீட்டில் புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவதோடு சரி. பேய், பில்லி, சூனியம் எதுவும் வாசற்படி தாண்டியதில்லை. "வண்டியில ஏதோ இருக்குது சார்" என்று யாராவது வந்து நின்றால், "இருக்கும், எர்த் இருக்காது" என்று சொல்லியே அனுப்புவேன்.

ஒரு தடவை மூலக்கொத்தளம் சுடுகாட்டு வாசலில் ஓர் அமரர் ஊர்தி நின்ற இடத்தில் தானாக ஹாரன் அடித்தது. பிணத்தை இறக்கிவிட்டார்கள், அப்போதும் அடித்தது. டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடிவிட்டார். பறையடிக்க வந்தவர்கள்கூட விலகி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் போய் ஸ்டீயரிங் கீழே கையை விட்டேன். ஹாரன் வயரின் தோல் தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. டேப் சுற்றினேன், அடங்கிவிட்டது. அந்த டிரைவர் என்னைக் கும்பிட்டது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்படிப்பட்டவன்தான் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலை வாழ்க்கையின் கடைசிப் பகுதியைத் திருவொற்றியூரில் அண்ணாச்சியின் பட்டறையில் கழித்தேன். அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர். அப்பா காலத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் மொத்த வியாபாரம். இவர் காலத்தில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை. வெளியிலிருந்து பார்த்தால் அதே பழைய அம்பாசிடர், அதே பழைய பத்மினி. மூடியைத் திறந்தால் புது இன்ஜின், டிஸ்க் பிரேக், பவர் ஸ்டீயரிங், ஏசி. அடிபட்டுக் கிடக்கும் புது வண்டிகளிலிருந்து புதுப்பேட்டையில் உதிரிகளை வாங்கி, பழைய கூட்டுக்குள் குடிவைப்போம். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. சின்ன வயதில் தெருவில் ஒரு வண்டி போவதைப் பார்த்து வாய் பிளந்தவர்கள். கையில் காசு வந்தபோது அந்த வண்டி கடையில் இல்லை. வண்டி மட்டும் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், அதைப் பிடிக்க எங்களிடம் வருவார்கள்.

அண்ணாச்சி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வண்டி வந்தாலும், அதன் மேல் கட்டிங் மெஷின் படுவதற்கு முன்னால், சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு டிரைவர் சீட்டில் ஏறி உட்காருவார். நான்கு கதவையும் மூடி, கண்ணாடிகளையும் ஏற்றிவிடுவார். சித்திரை வெயிலானாலும் அப்படித்தான். வியர்வை சொட்டச் சொட்ட வெளியே வந்து, "இதை மட்டும் விட்ரு" என்று ஒன்றைக் காட்டுவார். ஒரு வண்டியில் கதவுக் கைப்பிடி, இன்னொன்றில் ஹாரன் வளையம், வேறொன்றில் கூரைத் துணி. மற்றதையெல்லாம் மாற்றலாம். அந்த ஒன்றை மட்டும் துடைக்கலாமே தவிர மாற்றக் கூடாது.

"எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்டா வண்டிக்குத் தான் யாருன்னே மறந்துரும்லா, கௌதமா" என்பார்.

நான் சிரிப்பேன். ஆனால் ஒருவர் பிடிவாதமாக எல்லாவற்றையும் புதிதாகப் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். ஒரு குறையும் இல்லை, ஆனால் உள்ளே உட்கார்ந்தால் யாரோ ஒருவரின் வண்டியில் திருட்டுத்தனமாக உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது என்றார். விற்றுவிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வழக்கத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

தனம்மா வந்தது ஒரு மழைக்காலம் முடிந்த நேரத்தில். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். விசைப்படகு வந்து கூடை இறங்கியதும் அவர் குரல் ஆரம்பித்தால், வார்ப்பு என்று நாங்கள் சொல்லும் படகுத்துறையின் கடைசி வரை கேட்கும். பழைய பத்மினி ஒன்றைக் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். கூடவே மகன் பிரபு, கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் வேலை பார்ப்பவன். முன்கண்ணாடி இல்லை. இடதுபக்க டாஷ்போர்டு உள்ளே குழிந்திருந்தது. தகடு தட்டி நிமிர்த்தும் எங்கள் டிங்கர் பாஷா அந்தக் குழியைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கிசுகிசுத்தான்.

"மாமு, இது வெளியே இருந்து வாங்குன அடி இல்ல. உள்ளே இருந்து வுழுந்துகீது."

பிரபு அதைக் கேட்டுவிட்டான். மறைக்கவும் இல்லை.

"ஆமாண்ணே. எங்க அப்பா இந்த வண்டிலதான் செத்தாரு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல டிரெய்லருக்குப் பின்னாடி. பேரீச்சம்பழத்துக்குப் போட்ரலாம்னு எல்லாரும் சொல்லிட்டோம். எங்கம்மாதான் கேக்க மாட்டேங்குது."

"ஓட்டுனது யாரு?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார் தனம்மா.

அப்போதுதான் புரிந்தது. மாணிக்கம், அதாவது அவருடைய கணவர், வண்டி ஓட்டக் கற்றதே இல்லை. வண்டிமேல் பைத்தியம் மட்டும் உண்டு. வாங்கச் சொன்னது அவர், நிறம் பார்த்தது அவர், ஞாயிற்றுக்கிழமை துடைத்து மெருகு போட்டது அவர். ஓட்டியது தனம்மா. விடியற்காலை ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகும்போது இவர் ஸ்டீயரிங்கில், அவர் இடது சீட்டில் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, லெப்ட்டுல ஒடி, ரைட்டுல ஒடி என்று உத்தரவு போட்டுக்கொண்டே வருவாராம். சாலையில் முன்னால் போன டிரெய்லர் நின்றது. இவர் பிரேக்கை மிதித்தார். பழைய பிரேக் அரைகுறையாகப் பிடித்தது. அந்த அரைகுறையே போதுமானதாக இருந்தது, அவர் முன்கண்ணாடியில் போய் மோத.

"அதுலர்ந்து ஸ்டேரிங்க தொடல. ஷேர் ஆட்டோல போய்ட்டு வந்துகினுகீறேன்" என்றார் தனம்மா. "பிரேக்கு மாத்து. இன்ஜினு இன்னா வேணா போடு, எனுக்குத் தெரியாது. புதுசா பெல்ட்டு வேணும். ரெண்டு சீட்டுக்கும். போடாம உக்காந்தா வண்டி கத்தணும். காது கிழியணும்."

பிரபு ஒரு நிபந்தனை போட்டான். வண்டி நல்லபடியாக வந்தால் அம்மா வைத்துக்கொள்ளட்டும், இனிமேல் அவன் பேச மாட்டான். கொஞ்சமாவது கோளாறு காட்டினால் நேராகப் பழைய இரும்புக் கடை. தனம்மா அதற்குச் சரி என்றார். அந்தம்மாவுக்கு வேண்டியது அழகான வண்டி இல்லை. அன்றைக்கு நடந்தது நடக்க முடியாத ஒரு வண்டி வேண்டும், அதை அவர் கையால் ஓட்ட வேண்டும். அது கிடைக்காவிட்டால் இனி எந்த வண்டியையும் தொட மாட்டார் என்பது முகத்தில் எழுதியிருந்தது.

அண்ணாச்சி வழக்கம்போலச் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார். கதவுகளை மூடினார். முன்கண்ணாடிதான் இல்லையே, நாங்கள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நிமிர்ந்து உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுவது மாதிரி, கதவுப் பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தார். உடனே இறங்கிவிட்டார். வியர்க்கவே இல்லை. எதையும் காட்டவும் இல்லை. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக வண்டிக்காரரிடம் கேட்டார்.

"ஏம்மா, எதை மாத்தாம விடட்டும்? நீங்களே சொல்லுங்க."

"அந்தாளு உக்காந்த சீட்டு" என்றார் தனம்மா.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டேன் என்று சொல்லவில்லை.

வேலை ஆரம்பித்தது. பழைய பெல்ட்டுகளை நான்தான் கழற்றினேன். எப்போதோ தெருக்கடையில் மாட்டியவை. வலதுபக்கம் அழுக்கேறி நைந்திருந்தது. இடதுபக்கத்துப் பூட்டில் கடைக்காரன் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், இப்போது இப்படிச் செய்கிறவர்கள் குறைவு என்பதற்காக இல்லை, பின்னால் வரப்போவதற்கு இது முக்கியம். பழைய வயர் ஒன்றைக்கூட நான் விட மாட்டேன். முழு வண்டிக்கும் புது வயர் கட்டு. பெரிய பிளைவுட் பலகையில் வண்டியின் படத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் போட்டு, வளைவு வரும் இடத்திலெல்லாம் ஆணி அடித்து, ஆணிகளைச் சுற்றி வயர்களை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்து, துணி டேப் சுற்றுவேன். எங்கள் பக்கம் கடற்காற்று செம்பைச் சும்மா விடாது. ஆறு மாதத்தில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். அதனால் எர்த் வயரை நான்கு இடத்தில் இரும்பைச் சுரண்டி, போல்ட் முறுக்கி, மேலே கிரீஸ் பூசுவேன். தனம்மா வண்டிக்கு எட்டு இடத்தில் கொடுத்தேன். ஏனென்று தெரியாது, கை கொடுக்கச் சொன்னது.

பெல்ட் அலாரம் எளிமையான சமாச்சாரம். சீட்டுக்குள்ளே ஒரு தட்டையான பட்டை இருக்கும். ஆள் உட்கார்ந்தால் அமுங்கும். பெல்ட் பூட்டில் ஒரு சுவிட்ச். ஆள் இருந்து, பெல்ட் பூட்டாமல், சாவியும் போட்டிருந்தால் கத்தும். பூட்டினால் அடங்கும். இடது சீட்டை மாற்றக் கூடாதல்லவா, அதனால் பழைய ரெக்சின் உறையின் தையலைப் பிரித்து, உள்ளே இருந்த தேங்காய் நாரைத் தொடாமல், நாருக்கும் ரெக்சினுக்கும் நடுவே அந்தப் பட்டையை நுழைத்துத் தைத்துவிட்டோம். புதுப் பஞ்சு போட்ட சீட்டாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. பழசில் ஒன்றை விட்டுவைக்கும் பட்டறையில் மட்டும்தான் நடக்கக்கூடிய தவறு அது.

வண்டி பிரமாதமாக வந்தது. புது இன்ஜின் பூனை மாதிரி முனகியது. பிரேக் தொட்டால் நின்றது. காலையில் எல்லாவற்றையும் சோதித்து, மதியமும் சோதித்து, தனம்மாவுக்குச் சொல்லி அனுப்பலாம் என்று இருந்தோம். சாயங்காலம் ரேடியோவைப் பார்ப்பதற்காகச் சாவியைப் போட்டேன். நான் டிரைவர் சீட்டில், பெல்ட் பூட்டி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. இடது சீட்டு கத்தியது.

எர்த் என்று முதலில் நினைத்தேன். மீட்டர் வைத்தேன், எட்டு இடத்திலும் சுத்தம். பட்டையின் வயரைப் பிடுங்கினால் சத்தம் நின்றது. ஆக, பட்டைதான் ஆள் இருக்கிறது என்று சொல்கிறது. அதை வெளியே எடுத்து மேசையில் வைத்து அமுக்கினேன். அமுக்கினால் சொன்னது, விட்டால் சும்மா இருந்தது. சந்தேகத்துக்கு வேறு ஒரு வண்டியின் பட்டையை வாங்கி வந்து மாட்டினேன். மறுநாள் காலை முழுக்க அமைதி. சாயங்காலம் கத்தியது. பூட்டு சுவிட்சை மாற்றினேன், வயரை மாற்றினேன், கத்தும் பெட்டியையே மாற்றினேன். காலையில் நல்ல பிள்ளை. கடற்காற்று திரும்பியதும் ஆரம்பித்துவிடும்.

மண்டை காய்ந்தது. பிறகு ஒரு வழியாகப் பிடித்துவிட்டதாக நினைத்தேன். தேங்காய் நார் ஈரத்தைக் குடிக்கும். எங்கள் பட்டறை கிழக்கே பார்த்தது, சாயங்காலம் கடற்காற்று நேராக உள்ளே வரும். நார் ஈரம் ஏறி உப்புகிறது, பட்டையை ரெக்சினோடு அமுக்குகிறது, அலாரம் வருகிறது. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது அவருக்கு முகம் தெளிந்தது. சீட்டுக்கு அடியில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டோம். அன்றைக்குக் கத்தவில்லை. பல்பை எடுத்த அன்று திரும்பவும் கத்தியது. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆனால் நான் அண்ணாச்சியிடம் சொல்லாத இரண்டு விஷயம் உண்டு. அந்தப் பட்டை சும்மா தொட்டால் மசியாது. பாதி நிரம்பிய தண்ணீர் கேனைச் சீட்டில் வைத்துப் பார்த்தேன், பேசாமல் இருந்தது. முழுக் கேன் வைத்தால்தான் கத்தியது. ஈரக் காற்று ஒரு முழுத் தண்ணீர் கேன் கனத்துக்கு அமுக்குமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். இன்னொன்றை முதலில் கவனித்தது பாஷா. அலாரம் கத்திக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் என்னைக் கூப்பிட்டான்.

"மாமு, நாரு உப்புதுன்னு சொன்னியே. அப்போ சீட்டு மேலத்தானே எழும்பணும்?"

"ஆமாம்."

"இது அமுங்கிகீது பாரு."

குனிந்து பார்த்தேன். ரெக்சினில் பள்ளம் விழுந்திருந்தது. காலையில் அது இல்லை என்பது எனக்கு நிச்சயம், காலையில் அந்தச் சீட்டைத் துடைத்தவனே நான்தான். பள்ளம் நடுவிலும் இல்லை. ஜன்னல் பக்கமாக ஒருக்களித்து இருந்தது.

"சன்னல்ல கை வச்சிகினு உக்காந்தா இப்டித்தான் குழியும்" என்றான் பாஷா. அவன் அந்த வண்டியின் இடதுபக்கம் வருவதை அன்றோடு நிறுத்திவிட்டான். வலதுபக்கக் கதவு வழியாகவே நீட்டி வேலை பார்த்தான். நான் வேலையைப் பாரு என்று அவனை அதட்டினேன்.

அண்ணாச்சியும் நானும் உட்கார்ந்து பேசினோம்.

"ஒயரை வெட்டிரலாம்டே. யாருக்குத் தெரியப்போவுது? இது கத்திச்சுன்னா அந்தம்மா மகன் வண்டிய இரும்புக் கடைல ஏத்திருவான்" என்றார்.

"கத்தணும்னு கேட்டு வாங்குனது அந்தம்மா அண்ணாச்சி. வெட்டிட்டு, இருக்குதுன்னு சொல்லிக் குடுக்க என்னால முடியாது."

"அப்ப சீட்டைப் பிரிச்சு பஞ்சு வையி."

"அதை விடச் சொன்னதும் அவங்கதான்."

அவர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அப்ப அவங்களே வந்து கேக்கட்டும். காலைல வரச் சொல்லி ஏமாத்த வேண்டாம், சாயங்காலமே வரச் சொல்லு" என்றார். அந்த வார்த்தைக்காகவே அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

தனம்மா மாலையில் வந்தார். ஏலத்துக்குக் கட்டும் சேலை இல்லை, பட்டு மாதிரி ஒன்றைக் கட்டியிருந்தார். பிரபுவும் கூட வந்தான். காற்று பலமாக அடித்தது. தனம்மா டிரைவர் சீட்டில் ஏறி, தன் பெல்ட்டைப் பூட்டி, சாவியைப் போட்டார். இடது சீட்டு கத்தியது.

பிரபு என்னைப் பார்த்தான். "யாரு உக்காந்துகீறாங்கன்னு கத்துது?"

நார், ஈரம், கடற்காற்று எல்லாவற்றையும் விளக்கினேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. வேண்டுமென்றால் ஒரு நிமிடத்தில் வயரை வெட்டிவிடலாம் என்றும் சொன்னேன்.

"பாத்தியாம்மா, கோளாறு கோளாறுதான். எறங்கு. நம்ப பேசுனது பேசுனதுதான்" என்றான் பிரபு.

தனம்மா இறங்கவில்லை. அந்தச் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பயந்த மாதிரி தெரியவில்லை. வீட்டுக்குள் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறவர் மாதிரி இருந்தார்.

"வெட்டாதண்ணே" என்றார். பிறகு சாய்ந்து, இடதுபக்கப் பெல்ட்டை இழுத்து, காலிச் சீட்டின் குறுக்கே கொண்டுவந்து, பூட்டில் செருகினார். சத்தம் நின்றது. "அந்தாளு தானா போட மாட்டாரு. கட்டிப்போட நான் இன்னா ஆடான்னு கேப்பாரு." மகனைப் பார்த்து, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வர்றேன். அப்பால நீ சொல்றத கேக்கறேன்" என்றார். என்னைப் பின்சீட்டில் ஏறச் சொன்னார். வேலை பார்த்தவன் கூட வருவது வழக்கம்தான். அன்றைக்கு மட்டும் ஏறப் பிடிக்கவில்லை. ஏறினேன்.

முதலில் கிளட்சை வெடுக்கென்று விட்டு ஒரு தடவை வண்டியை அணைத்துவிட்டார். நெடுஞ்சாலையைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் ஏறியதும் கை நிதானமாகிவிட்டது. வலதுபக்கம் கடல், இடதுபக்கம் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். அந்தம்மா நன்றாகத்தான் ஓட்டினார். ஒரே ஓர் இடத்தில் மட்டும், சாலைப் பள்ளத்தை ஒட்டி வலதுபக்கம் ஒடித்தபோது, "தெரியுது, தெரியுது" என்று முணுமுணுத்தார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

முன்னால் ஒரு டிரெய்லர் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாடு குறுக்கே வந்தது. டிரெய்லர் நின்றது.

தனம்மா முழு பலத்தோடு மிதித்தார். வண்டி தரையைக் கடித்த மாதிரி நின்றது. நான் முன்சீட்டில் மோதினேன். மோதிய நிலையில், என் முகத்துக்கு நேராக, அந்த இடதுபக்கப் பெல்ட் படீரென்று விறைத்ததைப் பார்த்தேன். அவசரமாகப் பிரேக் பிடித்தால் பெல்ட் பூட்டிக்கொள்ளும், அது அதன் வேலை. ஆனால் காலிச் சீட்டில் பூட்டிக்கொண்டால் தளர்ந்து கிடக்கும். பிடித்து நிறுத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லையே. இது தளர்ந்து கிடக்கவில்லை. சீட்டின் முதுகை விட்டு ஒரு சாண் முன்னால், கயிற்றில் பாரம் தொங்குவது போல, முறுக்கேறி நின்றது. பிறகு மெல்ல மெல்லப் பின்னால் வந்தது. சுருளுக்குள் வார் ஏறும் கர்ர் சத்தத்தைக் காதால் கேட்டேன். யாரோ மூச்சு விட்டுச் சாய்ந்து உட்கார்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் ஆயிற்று.

தனம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டிரெய்லருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் இடைவெளி இருந்தது.

"அன்னிக்கே போட்டிருந்தா இன்னாய்யா கொறஞ்சி பூட்டிருக்கும்?" என்று கேட்டார் அந்தச் சீட்டைப் பார்த்து. சண்டை போடும் குரலில்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. பின்னால் ஹாரன்கள் அடித்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். நானும் அழுதேன், ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

பட்டறையில் பிரபுவும் அண்ணாச்சியும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். தனம்மா வண்டியை நிறுத்தினார், நான் இறங்கினேன். சாவியை எடுக்கவில்லை. சாய்ந்து, இடதுபக்கப் பெல்ட்டின் பூட்டை அழுத்தினார். வார் சுருண்டு உள்ளே போனது. எல்லாரும் அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றோம்.

கத்தவில்லை.

நான் இடதுபக்கக் கதவைத் திறந்து சீட்டைத் தொட்டேன். ரெக்சின் பிசுபிசுவென்று ஈரமாகத்தான் இருந்தது. காற்று முன்பைவிடப் பலமாக அடித்துக்கொண்டிருந்தது. பள்ளம் மட்டும் இல்லை. சீட்டு சமமாக இருந்தது. உள்ளங்கையை ஊன்றி என் எடையெல்லாம் போட்டு அமுக்கினேன், உடனே கத்தியது. கையை எடுத்தேன், நின்றது. பட்டை, சுவிட்ச், வயர், எல்லாம் சுத்தம்.

"சரியாயிடுச்சேம்மா!" என்றான் பிரபு. அவன் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. "அப்டின்னா வச்சிக்க வண்டிய. நான் இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தனம்மா அதைக் காதில் வாங்கவில்லை. சாவியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். காத்திருந்தார். மறுபடி அணைத்துப் போட்டார். ஏலத்தில் கடைசி விலை கேட்டுவிட்டு நிற்பது போல, இடது சீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கத்துய்யா" என்றார் மெதுவாக. "ஒரே ஒரு வாட்டி."

எந்தச் சத்தமும் வரவில்லை. அவர் திறந்திருந்த இடதுபக்கக் கதவு வழியாக என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இது ரிப்பேராயிட்சிண்ணே. பழையபடி பண்ணிக் குடு."